திராட்சைத் தோட்டத்து வழி

மதுரையில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வைகைக் கரையில் கூடுவார்கள். வக்கீல் கருத்தக்கண்ணன் ஆரம்பித்த சங்கம் அது. ஜவுளிக்கடைக்காரர்கள், தபாலாபீஸ் குமாஸ்தா, கீழவாசலில் சைக்கிள் கடை வைத்திருந்த பாதுஷா, மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த தவசி என்று ஒரு சிறு கூட்டம். மலையடிவாரம் எதையாவது எட்டிப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள்.

எந்த ஞாயிறு எந்த வழி என்று சொல்வது தவசிதான். சனிக்கிழமையே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவன் காட்டும் வழிகள் கண்மாய்க் கரை மேலும் வாய்க்கால் ஓரமாகவும் போகும். நாகமலையின் நிழலிலேயே நெடுந்தூரம் ஓடும். "ரசிகன்யா நீ! மத்தவன் ரோட்டப் பாப்பான், நீ காட்சியப் பாக்குற" என்று வக்கீல் அவன் முதுகில் தட்டுவார்.

தவசி காட்சிக்காக வழி தேடவில்லை. அவன் பழங்காநத்தத்துக்கு அப்பால் இருந்த சேரியில் பிறந்தவன். மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் அவனைத் தெருமுனையில் நிறுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். அன்றிலிருந்து எந்த ஊர்த் தெருவுக்குள்ளும் நுழையாத பாதையாகத் தேடத் தொடங்கினான். வழி சுற்றாக இருக்கும், ஏற்றம் அதிகமாக இருக்கும். ஆனால் கடைசிவரை ஏறி உட்கார்ந்தே போகலாம். இது பாதுஷாவுக்கு மட்டும் தெரியும்.

மீனாட்சி கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று ஆன மறுவருடம் அது. அதை ஆதரித்து மேடை மேடையாகப் பேசியவர் கருத்தக்கண்ணன். ஒருநாள் அவர் உற்சாகமாக வந்தார்.

"சிறுமலை அடிவாரத்துல மொக்கைச்சாமின்னு ஒரு மிராசு. எங்கிட்ட கேஸ் குடுத்த கட்சிக்காரர். திராட்சைத் தோட்டம் போட்டுருக்கார். வெள்ளைக்காரன் மாதிரி ஒயினே போடுறாராம். சங்கத்தையே கூப்பிட்டுருக்கார். வாடிப்பட்டி வழியா நேரே போயிரலாம்."

தவசிக்கு அந்த வழி தெரியும். தோட்டத்துக்கு முந்தின ஊரின் சேரியில்தான் அவன் அத்தை இருளாயியைக் கட்டிக்கொடுத்திருந்தது. சின்ன வயதில் லீவுக்கெல்லாம் அங்கே போயிருக்கிறான்.

"வாய்க்கால் ஓரமா ஒரு வழி இருக்குதுங்கய்யா. கரட்டு மலையச் சுத்தி ஏறணும். பாக்க நல்லாருக்கும்" என்றான்.

"எதுக்குய்யா சுத்தணும்? நல்ல ரோடு ஊருக்குள்ள கூடியே போகுதாமே."

தவசி தயங்கி, காரணத்தைச் சொன்னான். வக்கீல் சிரித்தார்.

"அட, அதெல்லாம் மலையேறிப் போச்சு. அம்மன் சந்நிதிக்கே போயாச்சு, ஒரு பட்டிக்காட்டுத் தெருவுல போறதுக்கு என்னவாம்? நான் இருக்கேன்ல? என்கூட வார்றவன எவன் நிறுத்துவான்?"

அந்தக் கடைசி வார்த்தை தவசிக்குப் பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்து மனைவி ரெங்கம்மாளிடம் அதைத் திரும்பச் சொன்னான். அவள் அவனுடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்தாள்.

ஞாயிறன்று சமயநல்லூர் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. வாடிப்பட்டிக்குப் பிறகு ரோடு மேலே மேலே போயிற்று. ஜவுளிக்கடைக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். தவசி நின்றுகொண்டே மிதித்து எல்லோருக்கும் முன்னால் ஏறினான். மேட்டில் காத்து நின்றபோது கீழே திராட்சைப் பந்தல்கள் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் ஊர். இறக்கத்தில் காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. அந்தச் சில நிமிஷங்கள் அவன் எதையும் நினைக்கவில்லை.

ஊர் மந்தையில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீலும் மற்றவர்களும் மணியடித்துக்கொண்டே தெருவுக்குள் போனார்கள். தவசியைக் கண்டதும் தலைப்பாகைக்காரர் ஒருவர் எழுந்து குறுக்கே வந்தார்.

"நீ இருளாயி அண்ணன் மகன்ல? சட்டை கிட்டையெல்லாம் போட்டுருந்தா தெரியாதுன்னு நெனச்சியா? எறங்கு."

தவசி இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வக்கீலைப் பார்த்தான். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். இதோ பேசப் போகிறார் என்று தவசி நினைத்தான். அவர் தலைப்பாகைக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தவசியின் காதருகே குனிந்தார்.

"தெரு கொஞ்சம்தானய்யா. எறங்கி நடந்து வந்திரேன். மொக்கைச்சாமி காத்துக்கிட்டு இருப்பார். நல்ல நாளும் அதுவுமா எதுக்குத் தகராறு?"

பிறகு அவர் ஏறிப் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். போகும்போது குமாஸ்தா மணியடித்தான்.

தவசி இறங்கினான். தலைப்பாகைக்காரர் செருப்பைப் பார்த்தார். அதையும் கழற்றிச் சைக்கிளில் மாட்டினான். புழுதி சுட்டது. பாதுஷாவும் இறங்கி, தன் செருப்பைக் கழற்றினான்.

"நீங்க எதுக்கு பாய்?"

"கால் கடுக்குது வாத்தியாரே, நடந்தாத்தான் நல்லாருக்கும்" என்றான் பாதுஷா. தெரு முடிகிறவரை இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தவசிக்கு வக்கீல் மேல் வந்த கோபத்தைவிட, சொன்னதும் இறங்கிவிட்ட தன் கால்களின் மேல் வந்த அருவருப்புதான் அதிகமாக இருந்தது.

தோட்டத்தில் மொக்கைச்சாமி வேப்பமரத்தடியில் பெஞ்சுகள் போட்டிருந்தார். ஊரில் நடந்த சேதி தவசி வந்து சேருமுன்பே அவருக்கு எட்டிவிட்டது. வக்கீலுக்கும் மற்றவர்களுக்கும் பெஞ்சு. பாதுஷாவுக்கு ஒரு முக்காலி. தவசிக்கு, பந்தலின் ஓரத்தில் கவிழ்த்துப்போட்ட ஒரு கூடை. போன வருஷத்து ஒயினைக் கண்ணாடி கிளாஸ்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். தவசியிடம் ஒரு ஆள் சிரட்டையைக் கொடுத்து, எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றினான். தெறித்து அவன் சட்டையில் விழுந்தது. தாகத்தில் ஒரு வாய் குடித்தான். ஊசிப்போன பழைய சோற்றின் புளிப்பு தொண்டையில் நின்றது.

பக்கத்துக் கொட்டகையிலிருந்து அதே புளிப்பு வாடை வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் எழுந்து போய் எட்டிப் பார்த்தான். பெரிய கல்தொட்டி நிறையத் திராட்சை. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பெண்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். தோலும் விதையும் கால்களில் அப்பியிருந்தன. ஈக்கள் மொய்த்தன. வியர்வை முகத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே சொட்டியது. அவர்களில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"ஏய், தவசியா? நீ எங்கப்பா இங்குட்டு?"

இருளாயி அத்தை.

"அத்தை, நீங்கதான் வருசா வருசம் மிதிக்கிறீகளா?"

"பின்ன? இந்த நாத்தத்துல வேற எவ எறங்குவா? குளிச்சாலும் போகமாட்டேங்குது. மாயக்காளுக்குக் கால் பூரா புண்ணு" என்று பக்கத்தில் மிதித்தவளைக் காட்டினாள். மாயக்காளின் கணுக்காலில் சுற்றியிருந்த துணியிலும் சாறு ஊறியிருந்தது.

தவசி மரத்தடிக்குத் திரும்பினான். வக்கீல் கிளாஸை வெயிலில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். "சீமைச் சரக்கு தோத்துச்சு போங்க" என்று சொல்லி மிச்சத்தையும் குடித்தார்.

"நல்லா இருக்குங்களாய்யா?" என்று கேட்டான் தவசி.

"அமிர்தம்யா!"

"இத மிதிச்சது எங்க அத்தை. கூட மிதிச்சவுகளும் எங்க சேரிக்காரவுகதான். அந்தக் கொட்டகையில இப்பவும் மிதிக்கிறாக, போய்ப் பாருங்க. எனக்குச் செரட்டையில ஊத்துனாகளே, உங்களுக்கு எதுல ஊத்துனாலும் வந்தது அவுக கால்லருந்துதான்."

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கிளாஸை மெதுவாகத் தரையில் வைத்தார். மொக்கைச்சாமியின் முகம் கறுத்தது. "யாருகிட்டடா பேசுற?" என்று எழுந்தார். பாதுஷா நடுவில் வந்து நின்றான்.

வக்கீல் தவசியைப் பார்க்காமல் மரத்துக்குப் பின்னால் போனார். முதலில் காறித் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். கடைசியில் விரலைத் தொண்டைக்குள் விட்டு, ஓங்கரித்து, எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தார். மேடையில் பேசிய வாய் அது. தவசி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தெருவில் இறங்கச் சொன்னபோது பயந்துவிட்டார் என்று எண்ணி அவரை மன்னிக்க அவனுக்குள் ஏதோ ஒன்று தயாராக இருந்தது. இப்போது அது போய்விட்டது. அழுகின எலியை மிதித்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது.

"வாங்க பாய், போவோம்" என்றான்.

கரட்டைச் சுற்றிப் போகும் வாய்க்கால் வழியில் இருவரும் திரும்பினார்கள். பாதி வழியில் தவசி சைக்கிளைப் போட்டுவிட்டுக் குனிந்து வாந்தியெடுத்தான். பாதுஷா அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். வாந்தியிலும் திராட்சை வாடைதான்.

அந்த வாரமே கருத்தக்கண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வகுப்பு வாசலில் நின்று பேசினார்.

"அன்னைக்கு எனக்கு வயிறு சரியில்ல தவசி. காலையிலயே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நீ தப்பா எடுத்துக்கிட்டியோன்னு..."

"மொதக் கிளாஸ் குடிக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு?"

வக்கீல் பேச்சை மாற்றினார். "சரி, விடு. வார ஞாயிறு அழகர்மலைக்குப் போறோம். நீ வந்து வழி சொல்லு."

"நான் வரலீங்கய்யா. உங்களுக்குத்தான் எல்லாத் தெருவும் தெறந்து கெடக்கே, எந்த வழியாப் போனா என்ன?" என்று சொல்லிவிட்டுத் தவசி உள்ளே போய்ப் பாடத்தைத் தொடர்ந்தான்.

சங்கம் அவன் இல்லாமலே நடந்தது. தவசியும் பாதுஷாவும் தனியாகப் போனார்கள்.

அத்தையின் வேலை போயிருக்கும் என்ற பயம்தான் தவசியை வாட்டிக்கொண்டிருந்தது. சில வாரம் கழித்து அவளே ஒரு மூட்டையோடு வீட்டுக்கு வந்தாள்.

"உனக்கு ரோசம் வந்துச்சு, எங்களுக்கு அடுப்பு அணைஞ்சுச்சு" என்று வந்ததும் ஏசினாள். "மறுநாளே எங்கள நிப்பாட்டிப்புட்டாரு. ஊருக்குள்ள ஆள் தேடுனாரு. யாரு வருவா? அந்த நாத்தத்துல ஒருத்தி நிக்கல. தொட்டிப் பழம் பூரா புழு வச்சுப்போச்சு. அப்புறம் கணக்குப்பிள்ளை வந்து நிக்கிறாரு, 'வாங்கடி, கால மட்டும் புளி போட்டுத் தேச்சுக் கழுவிட்டு எறங்குங்க'ங்கிறாரு."

"போனீகளா?"

"போகாம?"

"யாரு குடிக்கிறா இப்ப?"

"அதே ஆளுகதான். போன வாரம் உங்க வக்கீலும் வந்துருந்தாரு. யாரும் எடுத்துச் சொல்லாத வரைக்கும் ருசியாத்தான் இருக்கும்போல." அத்தை சிரித்தாள். ரெங்கம்மாளும் சிரித்துவிட்டாள்.

மூட்டையில் திராட்சை இருந்தது. அத்தை ஒரு கொத்தை எடுத்து உதறி, "மிதிக்காதது, தின்னு" என்று தவசியிடம் நீட்டினாள். அவன் வேண்டாமென்று எழுந்து வெளியே போனான். ரெங்கம்மாள் கழுவி, விதையை எடுத்துத் தங்கள் பிள்ளைக்கு ஊட்டினாள். பிள்ளை இன்னும் வேண்டும் என்று கையை நீட்டியது.