மூக்குக்கு எடுத்த தண்ணீர்

றம்ஸியா தலையைப் பின்னால் சாய்த்துக் கதிரையில் இருந்தாள். ஹஃபீலா அவளுடைய மூக்கின் இரு பக்கமும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"அல்லாஹ்வே, இன்னும் அதே கசப்பு!" றம்ஸியா முகத்தைச் சுளித்தாள். "இவ்வளவு காலமும் என்னதான் ஆராய்ச்சி செஞ்சீங்க மச்சி? கொஞ்சம் சீனி போட ஏலாதா?"

"சீனி போட்டா நீங்க போத்தலோட குடிச்சிருவீங்க."

றம்ஸியா, ஹஃபீலாவின் அண்ணன் ஃபைஸலின் மனைவி; ஃபைஸலை ஹஃபீலா நானா என்பாள், றம்ஸியாவை மச்சி. பள்ளிவாசல்துறையில் இவர்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கடல்நீர்க் களப்பும், அதற்கு இப்பால் உப்புப் பாத்திகளும் தெரியும். அந்தப் பாத்திகளில் இரண்டு, நானா கட்டாருக்குப் போகும்வரை அவருடைய கையில் இருந்தவை. இப்போது ஸாஜித் என்பவன் பார்க்கிறான்.

ஹஃபீலாவின் படிப்பு சீதமென்சவ்வு நிர்ப்பீடனம், அதாவது உடம்பின் உள்சவ்வுகளின் நோயெதிர்ப்பு. மூக்கு, தொண்டை, குடல் என்று உடம்பின் ஈரமான உட்புறம் முழுவதும் நோயை வாசலிலேயே மறிக்கிற காவல் ஒன்று உண்டு. அந்தக் காவலை ஊசியில்லாமல், மூக்கில் விடும் சொட்டாலேயே எழுப்ப முடியுமா என்று அவளுடைய குழு பார்த்துக்கொண்டிருந்தது. நாலு வருடத்துக்கு முன் இதே மருந்தை இரண்டு ஊர்களில் கொடுத்தார்கள். எலுவன்குளத்து வயல்காரர்களிடம் காவல் நன்றாக எழுந்தது. பள்ளிவாசல்துறையில், உப்பளத்துக்குப் போகிறவர்களிடம் ஒன்றுமே எழவில்லை.

ஏனென்று எல்லோரும் விழித்தபோது காரணம் சொன்னவள் ஹஃபீலாதான். காலமெல்லாம் உப்புத் தூசியைச் சுவாசித்தவர்களின் சீதமென்சவ்வு மரத்துப்போகிறது என்றாள். கட்டுரை வந்தது. பல நாட்டு மேடைகள் அவளை அழைத்தன. அடுத்த மாதம் கொழும்பில் ஓர் ஆய்வுப் பிரிவே அவளுடைய பொறுப்பில் வரப்போகிறது. அதற்குமுன் பழைய ஆட்களை மறுபடி சோதிக்க வந்திருந்தாள். நாளை மத்ரஸாவில் எல்லோருக்கும். இன்று வீட்டில், றம்ஸியாவுக்கு.

பள்ளிவாசலில் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. றம்ஸியா எழுந்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். ஹஃபீலா போத்தலில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். குழாய் திறக்கும் சத்தம். வாய் கொப்பளிக்கும் சத்தம். பிறகு, தண்ணீரை மூக்குக்குள் இழுத்துச் சீறும் சத்தம். ஒருமுறை. மறுபடி. மறுபடி.

ஹஃபீலாவின் கையில் பேனை அப்படியே நின்றது.

"மச்சி, என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சன்? தொழப் போறன், வுளூ எடுத்தன்." ஈர முகத்தோடு வாசலில் நின்றாள் றம்ஸியா. "ஏன், பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?"

"அண்டைக்கும் இப்பிடித்தானா? மத்ரஸாவுல மருந்து விட்டனே, அண்டைக்கும்?"

"ஓம். பின்ன? லுஹருக்குத்தானே உப்பளத்துல இருந்து ஏறி வருவோம். நீங்க சொட்டு விடுவீங்க, நாங்க நேரா பைப்படிக்குப் போவோம். ஆம்புளையள் பள்ளி ஹவுள் தொட்டிக்குப் போவாங்க. எங்களோட உப்பு வாருற பஸீஹா சொல்லுவா, ஹஃபீலாட மருந்துக் கசப்புப் போறதுக்காவது மூக்க நல்லாச் சீறோணும் எண்டு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அது பிழையா மச்சி? அப்ப நீங்க ஒண்டும் சொல்லல்லியே."

"இல்ல. நீங்க போய்த் தொழுங்க."

அன்று மருந்து விடும் நேரத்தைத் தீர்மானித்தவள் ஹஃபீலாதான். ஊர் ஆள் நீங்கள்தானே, நீங்களே நேரம் போடுங்கள் என்று குழுவில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். லுஹர் நேரம்தான் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள் என்று பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. எலுவன்குளத்தில் காலையில், தேநீர் வேளையில் விட்டார்கள்; அங்கே ஒருவரும் உடனே மூக்கைக் கழுவவில்லை. மத்ரஸா ஜன்னலால், நானா சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஹவுளுக்கு நடந்ததை அவள் கண்டிருந்தாள். கண்டுவிட்டுக் குனிந்து போத்தல்களை அடுக்கினாள். வெளியூர்க்காரி ஒருத்தி அதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது?

எப்படி என்று அவளுக்குத் தெரியும். பரிசோதனைக்கூடத்தில் ஒரு நாள் தொழுகை விடுபட்டது, பிறகு ஒரு வாரம், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். ஊருக்கு வரும்போது அறையைச் சாத்திக்கொள்வாள். தொழுகிறாள் என்று றம்ஸியா நினைத்துக்கொள்வாள்.

போத்தலில் மிச்சமிருந்ததைத் தன் மூக்கில் விட்டுக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். கசப்பு தொண்டைக்கு இறங்கியது. உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி மூக்குக்கு இழுத்தாள். இடது கை தானாக வந்து மூக்கைப் பிடித்தது. கை மறந்திருக்கவில்லை. மூன்றாம் முறை சீறியபோது கசப்பும், அதோடு மருந்தும், அநேகமாகப் போய்விட்டது. ஈரக் கையைத் துடைக்காமல் நெடுநேரம் அங்கேயே நின்றாள். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அதற்கு ஒரு குற்றமும் இல்லை.

பிறகு, மனம் மெல்ல ஒரு வழியைக் காட்டியது. நாளை சொட்டைத் தொழுகைக்குப் பிறகு கொடுக்கலாம். காவல் எழும். மரத்த சவ்வும் இரண்டாம் தடவை மருந்துக்கு விழித்துக்கொள்கிறது என்று எழுதலாம். பழைய கட்டுரை நிற்கும், புதியதும் நிற்கும். ஒருவருக்கும் தெரியாது. றம்ஸியா கேட்ட கேள்வியை றம்ஸியாவே மறந்துவிடுவாள்.

அந்த வழியில் அவள் மனதால் வெகுதூரம் போய்விட்டாள் என்பதுதான் பிறகு அவளை உறுத்தியது.

பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர் கட்டாரிலிருந்து நானாவின் அழைப்பு வந்தது. அங்கே அது சாப்பாட்டு நேரம். றம்ஸியா மரக்கறி விலையிலிருந்து பக்கத்து வீட்டு ஆடு வரை கதைத்துவிட்டு, "இந்தா, ஒங்கட விஞ்ஞானி தங்கச்சி. பகலெல்லாம் வாய் தொறக்கல்ல, என்னண்டு கேளுங்க," என்று போனை நீட்டினாள்.

திரையில் நானா. சீமெந்துக் களஞ்சியத்தில் மூட்டை ஏற்றும் வேலை. புருவத்திலும் மூக்கு நுனியிலும் சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது. உப்புக் காத்து உங்கட மூக்கக் கெடுத்துட்டுது நானா, வேற வேல பாருங்க, என்று இதே கூடத்தில் சொன்னவள் அவள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. படித்த தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாத்திகளை ஸாஜிதிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"எப்பிடி ஹஃபீலா? பெரிய ஆளாகப் போறியாமே. எங்கள மறந்துராத."

"நானா, ஒரு விசயம்." போனை நேராகப் பிடித்தாள். "நான் சொன்னது பிழை."

"என்ன பிழை?"

சொன்னாள். சொட்டு, லுஹர், ஹவுள், மூக்குக்கு எடுத்த தண்ணீர். சுருக்கமாகத்தான் சொன்னாள், நீட்டினால் அது சாக்காகிவிடும். கட்டுரையைத் திருப்பி எடுக்கச் சொல்லி இதழுக்கு இன்றைக்கே எழுதப்போவதாகவும் சொன்னாள். அந்த வார்த்தை வாயைவிட்டு வந்தபிறகுதான் அப்படி முடிவெடுத்துவிட்டாள் என்பது அவளுக்கே தெரிந்தது. றம்ஸியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப என்ட மூக்குல பிழையில்லையா?"

"இல்ல நானா."

"உப்புலயும் இல்ல?"

"இல்ல."

நானாவுக்குப் பின்னால் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரைக்கு வந்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபம் வந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"தொழுறல்ல நீ, என்ன?" என்றார் மெதுவாக.

அவள் தலை குனிந்தாள். அவர் அதற்குமேல் அதைக் கேட்கவில்லை. தோளில் கிடந்த துவாயால் மூக்கைத் துடைத்தார். துவாயில் படிந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் ஊருக்கு வரட்டா?"

ஹஃபீலாவின் பார்வை வெளியே போனது. களப்போரத்தில், நானாவின் பாத்தியில், ஸாஜித் குனிந்து உப்பை வாரிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தான். றம்ஸியா அருகில் வந்து, பதிலுக்காகக் கணவனைப் பார்க்காமல் ஹஃபீலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.