சோளச் சக்கையின் எட்டாவது பயன்

1
இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். தெமோதரை பஸ்ஸில், பின் சீட்டில் இரண்டு பெண் குரல்கள். ஆகவே யாருடைய முகத்தையும் என்னிடம் கேட்காதீர்கள்.

எழுத உட்கார்ந்ததும் முதல் வரி இப்படி வந்தது: ‘பனி போர்த்திய மலைச்சரிவில் பொன்னிறச் சோளக்கதிரொன்று...’ அடித்துவிட்டேன். அந்தக் கதிர் மொனராகலையிலிருந்து லொறியில் வந்தது.

2
எல்ல என்ற ஊரின் ரோட்டோரம் அவித்த சோளம் விற்பவர் முஷ்ரிபா. காலையில் கதிர் உரித்துக் கொடுப்பவள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு சுபாஜினி. அதற்குப் பதிலாகத் தின்று எறிந்த சக்கையெல்லாம் அவளுக்கு.

(கதிரின் பாகங்கள்: மணி சுற்றுலா வரும் வெள்ளைக்காரருக்கு, முடி கஷாயத்துக்கு, மடல் மாட்டுக்கு, சக்கை சுபாஜினியின் அடுப்புக்கு. அவள் வீட்டு காஸ் சிலிண்டர் காலியாகி, அதன்மேல் துணி காய்கிறது.)

3
போன வாரம், கைத்தொழில் வகுப்பு எடுக்கிற றில்வான் சேர் கடைக்கு வந்தார். சக்கையில் போத்தல் மூடி செய்யலாம், விளக்குத் தண்டு செய்யலாம், காளான் வளர்க்கலாம் என்று ஏழு பயன் சொன்னார். அவர் போனதும் முஷ்ரிபா சக்கைச் சாக்கை உள்ளே இழுத்தார்.

"இனிச் சக்க இல்ல புள்ள. அதுல ஏழு பயன் ஈக்காம்."

"எனக்கு ஒண்ணு போதும் ராத்தா. சோறு வேகணும்."

"அது சேர்ட லிஸ்ட்ல இல்லயே."

(சேரைக் கெட்டவராக்க இரண்டு பக்கம் முயன்றேன். நல்ல மனிதர். அதுதான் தொல்லை.)

4
தோட்டத்து மண்டபத்தில் சேரின் சக்கை வகுப்பு. தேத்தண்ணி போட சுபாஜினியை அனுப்பினார்கள். மழையில் விறகு நனைந்திருந்தது. அடுப்படி மூலையில் சேரின் அட்டைப்பெட்டி. உள்ளே நன்றாகக் காய்ந்த, மினுங்குகிற சக்கைகள். தன் சக்கையைத்தான் யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்...

இல்லை. அது சேருடையது என்று அவளுக்குத் தெரியும். வார்னிஷ் பட்ட சக்கை அடுப்பில் சட்டென்று பற்றியது.

"நல்ல தேத்தண்ணி. ஒரு தனி வாசம் இருக்கே, என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலங்க சேர். தேயிலதான்."

"சரி, மூலைல என்ட பெட்டி இருக்கு. கொண்டு வாங்க. எல்லாருக்கும் சாம்பிள் காட்டுவம்."

5
முடிவு அ: முஷ்ரிபா சிரித்துவிடுகிறார், சாக்கு திரும்பி வருகிறது. (நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ: சுபாஜினிக்கு உரிக்கிற வேலையும் போகிறது. (நம்புவீர்கள். எழுத எனக்குக் கை வரவில்லை.)

முடிவு இ: சுபாஜினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே

பஸ் நின்றது. குரல்கள் இறங்கிவிட்டன.

பெட்டி இப்போது மேசைமேல் இருக்கிறது. சேர் மூடியில் கை வைத்துவிட்டார். மண்டபத்தில் எல்லார் கையிலும் ஒரு கோப்பை, உங்கள் கையிலும்தான். பாதி குடித்துவிட்டீர்கள். சக்கை எங்கே என்று அவர் கேட்டால், நீங்களே சொல்லுங்கள்.