அடுப்பு தெருவைத் தாண்டிய அமாவாசை

மஞ்சு ஷட்டரைப் பாதி இறக்கியபோது, பஸ் கண்டக்டர் வீரமணி கை நீட்டித் தடுத்தார்.

“இன்னா பாப்பா, அமாவாசையும் அதுவுமா அடைக்கிற?”

“விடிகாத்தால நைனா போயிட்டாருண்ணே.”

வீரமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே தனசேகரன் ஓட்டல் போட்டு நாற்பத்தாறு வருஷம் ஆகிறது. ஊருக்கு வெளியே இருந்த காலனியிலிருந்து வந்து கடைவீதியில் அடுப்பு வைத்த முதல் ஆள் அவர். முதல் மாதம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஓர் அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் திமுதிமுவென்று உள்ளே புகுந்தது. யார் சமைத்தது என்று விசாரிக்க அந்தப் பசிக்கு நேரமில்லை. பின்னாலேயே ஊரும் வந்து உட்கார்ந்தது. அப்புறம் பெண் பார்த்தது, மனு எழுதியது, தொலைந்த பிள்ளைகள் அழுதுகொண்டே பூரி தின்றது எல்லாம் அந்த பெஞ்சுகளில்தான். “நானே செத்தாலும் அமாவாசைக்கு அடைக்காத” என்று போன வாரம்கூட மகள் மஞ்சுவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, சரியாக அமாவாசை பார்த்துக் கண்ணை மூடிவிட்டார், மனுஷன்.

அந்தச் சொல்லைத்தான் மஞ்சுவால் காப்பாற்ற முடியவில்லை. முன்பக்கம் ஓட்டல், பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் ஒரே அடுப்பு.

“சாவு ஊட்ல அடுப்பு எரியக்கூடாதுடி. பொணம் எடுக்கிற வரிக்கும் பொகை வரக்கூடாது” என்றாள் அத்தை கலைச்செல்வி.

மாலையோடு வந்திருந்த எதிர்ச்சாரி அரிசிக்கடை சொக்கலிங்கம் தொண்டையைக் கனைத்தார். “ஊட்ல தான எரியக்கூடாது? தெருவைத் தாண்டிட்டா?”

அத்தை தெருவை எட்டிப் பார்த்தாள். “அத யாரும் சொல்லலியே.”

அவ்வளவுதான். வீரமணி அடுப்பைத் தூக்கினார். இட்லிக் குண்டான், பெஞ்சு, போர்டு என்று ஓட்டலே ஊர்வலமாகத் தெருவைக் கடந்தது. சொக்கலிங்கம் அரிசி மூட்டைகளை உள்ளே தள்ளி வாசலைக் காலி செய்தார். மாஸ்டர் எழிலன் முதலாளியின் காலைக் கட்டிக்கொண்டு எழவே இல்லை. ஆகவே பூக்கடை ஆதிலட்சுமிதான் சட்னி அரைத்தாள். அவள் மிளகாய் அள்ளிப் போட்டாள். அது தெரியாமல் சொக்கலிங்கமும் போட்டார், வீரமணியும் போட்டார். முதல் பந்தியில் எல்லார் கண்ணிலும் தண்ணீர்.

“அழுவுங்க, அழுவுங்க. எழவு ஓட்டல்ல பின்ன இன்னா பண்ணுவீங்க?” என்றார் வீரமணி.

கூட்டம் சிரித்தது. பஸ் பஸ்ஸாக ஜனம் இறங்கித் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

பிற்பகல் பாடை கிளம்பியது. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். அரிசிக்கடைக்கு நேராக வந்ததும், யாரும் சொல்லாமலே தூக்கியவர்கள் நின்றார்கள். பறையும் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்தார்கள். சொக்கலிங்கம் பனியனோடு, இட்லித் தட்டும் கையுமாக விறைத்து நின்றார்.

அந்த நிசப்தத்தில், காது கேட்காத வெளியூர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் சத்தமாகச் சொன்னார்: “யப்பா, எலை காலியா இருக்குது. ரெண்டு இட்லி வை.”

மஞ்சுவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்தில் அத்தையும் முந்தானைக்குள் குலுங்கினாள்.

சொக்கலிங்கம் திகைத்துப் பாடையைப் பார்த்தார். பிறகு இலையில் இரண்டு இட்லி வைத்தார். பெரியவர் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் பறை முழங்கியது. நைனா புறப்பட்டார்.