கூப்பிட்டவர் பட்டியல்

“எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டுதாம்ப்பா! நெட்டுக்குள்ளயே குடித்தனம் நடத்துறீங்களா?” என்று போனில் சிரித்தான் மகன்.

சர்வேயருக்குச் சுருக்கென்றது. மனைவி போன பிறகு சாயங்காலங்களைத் தள்ளுவதற்காகப் பழைய கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஆட்களோடு சதுரங்கம் ஆடுவார். வீட்டில் இருப்பதோ ஒரே டெலிபோன் லைன். மோடம் கீச்சிட்டு நெட்டில் சேர்ந்துவிட்டால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான்.

மறுநாளே கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரம்மா இரண்டு சிடிகளை எடுத்து வைத்தாள்.

“இது சின்னது சார். நெட்டைக் கனெக்ட் பண்ணும், அவ்வளவுதான். அது, நீங்க நெட்ல இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் மூலையில காட்டும். நம்பர், நேரம் எல்லாம் எழுதியும் வச்சுக்கும். ஆனா உங்க கிழட்டுப் பெட்டிக்கு மூச்சு வாங்கும்.”

“எனக்கும்தான் மாடி ஏறினா வாங்குது. ஏறாமலா இருக்கேன்? அதையே குடும்மா.”

அவளே வீட்டுக்கு வந்து போட்டுக்கொடுத்தாள். கடைக்குத் திரும்பியதும் ஒருமுறை கூப்பிட்டுச் சோதித்தாள். பட்டியலில் முதல் வரி விழுந்தது: கடை நம்பர், மணி நாலு பத்து.

அதற்குப் பிறகு ஒரு குதிரையை நகர்த்தவே திரை அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. சர்வேயர் பொறுத்துக்கொண்டார். ஆட்டத்தைவிட மூலையைத்தான் அதிகம் பார்த்தார். மூன்று வாரம் ஓடியது. பட்டியலில் அதே ஒரு வரி.

ஞாயிறு காலை போன் மணி அடித்தது.

“வாரம் பூரா அடிச்சேம்ப்பா. அஞ்சாறு தடவை இருக்கும். எல்லாம் சாயங்காலந்தான். அதே எங்கேஜ்டு!”

முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்தவர் அவர். ‘சுமார்’ என்று எழுதி வந்தவர்களை வெயிலோடு வெயிலாகத் திருப்பி அனுப்பியவர். வாய் வரை வந்ததை விழுங்கினார்.

“ஆமாண்டா. நான்தான் நெட்ல இருந்திருப்பேன்.”

“பாத்தீங்களா!”

திங்கட்கிழமை சிடியைக் கடை மேஜையில் வைத்தார்.

“என்ன சார், காட்ட மாட்டேங்குதா?”

“அதெல்லாம் சரியாத்தாம்மா காட்டுது. அந்தச் சின்னதையே போட்டுக் குடுத்துடு.”

“அப்புறம் யார் கூப்பிட்டாங்கன்னே தெரியாதே!”

“பெட்டிக்கு மூச்சு வாங்குதும்மா, பாவம்.”

அன்று சாயங்காலம் மோடம் கீச்சிட்டு அடங்கியது. திரையின் மூலை வெறுமையாக இருந்தது. குதிரை சட்டென்று தாண்டியது. எதிராளியின் காய் நகரட்டும் என்று சர்வேயர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

இந்நேரம் பையன் அடித்துப் பார்த்திருப்பான். எங்கேஜ்டு வந்திருக்கும்.