சாமி முன்னால் வைத்த பாஸ்வேர்டு

உமாமகேஸ்வரி போனை மேசைமேல் போட்ட போட்டில் ஊறுகாய்ப் பாக்கெட்டுகள் சிதறித் தரையில் விழுந்தன. அவள் குனிந்து பொறுக்கவில்லை.

பேசியவர் போலீஸ் அதிகாரி. தோ பாயோ வட்டாரத்தில் பவித்ரா என்ற பெண்ணை அவளுடைய புருஷன் இளமாறன் இன்று மத்தியானம் அடித்துக் கையை முறித்துவிட்டான். கிட்டேயே வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தும் வந்திருக்கிறான். பக்கத்து வீட்டு மலாய் அம்மா போட்ட கூச்சலில்தான் உயிர் பிழைத்தாளாம். ஆளைப் பிடித்தாகிவிட்டது. "புது வீட்டு முகவரி பெத்த அம்மாவுக்கே தெரியாது, உங்க சாப்பாட்டுக் கடைக்கு மட்டும்தான் தெரியும்னு சொல்றாங்க. யார் குடுத்தது?" என்று கேட்டார் அதிகாரி.

"எங்க கடையில யாரும் குடுத்திருக்க மாட்டாங்க சார்" என்று அடித்துச் சொன்னாள், கடையின் ஆர்டர்களைக் கவனிக்கும் உமா. சொல்லிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் அந்தக் கடையிலிருந்து தினமும் அறுநூறு வீடுகளுக்குச் சாப்பாடு போகிறது. ஆர்டர், முகவரி, யாருக்குக் காரம் கூடாது என்பது உட்பட எல்லாம் மார்ச் மாதத்திலிருந்து கிளவுட் சாஃப்ட்வேரில்தான். யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்று அது குறித்து வைக்கும். இன்று காலை பத்து நாற்பதுக்கு, கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு போனிலிருந்து யாரோ நுழைந்திருந்தார்கள். பவித்ரா என்ற ஒரே ஒரு பெயரைத் தேடிவிட்டு, மூன்று நிமிடத்தில் வெளியே போயிருந்தார்கள்.

பவித்ராவின் பெயருக்கும் முகவரிக்கும் கீழே டிரைவருக்கு ஒரு குறிப்பு இருந்தது. மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இரண்டு தட்டு, சாப்பாட்டுப் பையை இரும்புக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடவும். ஏழு மாதமாக அந்தத் தட்டலுக்கு மட்டும்தான் அந்தக் கதவு திறந்தது. இன்றும் தட்டல் சரியாகத்தான் இருந்திருக்கிறது. தட்டியவன், அவள் பையை எடுக்கக் கதவைத் திறக்கும்வரை லிஃப்ட் பக்கம் ஒதுங்கி நின்றிருக்கிறான். அந்தக் குறிப்பைப் பவித்ரா போனில் அழுதுகொண்டே சொல்ல, "கவலைப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்று தட்டச்சு செய்தவள் உமாவேதான்.

பாஸ்வேர்டு எப்படிப் போயிற்று என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலேயே இருந்தது.

முதலாளி ரத்னவேல் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஆர்டர் நோட்டைச் சாமி முன்னால் வைப்பவர். பதினொரு நாளைக்கு முன்னால் வந்த இந்த வருஷப் பூஜைக்கு நோட்டே இல்லை. "எல்லாம் மேல கிளவுட்ல இருக்குங்கிறீங்க, சாமிக்கு முன்னாடி எதை வைக்கிறது?" என்று பதறிப்போனார். மேகத்துக்கு மஞ்சள் தடவ முடியாதே! ஆகவே லாகின் பெயரையும் பாஸ்வேர்டையும் பிரின்ட் எடுத்தார். கண் சரியாகத் தெரியாதவர், அதனால் எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, வாழைப்பழத்தில் ஊதுவத்தியைச் செருகி, கிரைண்டருக்கும் கரண்டிகளுக்கும் நடுவே படம் எடுத்துப் போட்டுவிட்டார். இருநூற்றுப் பதினான்கு பேர் லைக் போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே கும்பிடு போட்டவர்களில் இளமாறனும் ஒருவன். கல்யாணமான புதிதில் அவனும் பவித்ராவும் இந்தக் கடைச் சாப்பாடுதான் சாப்பிட்டார்கள். அவள் வேறெங்கும் வாங்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

பாஸ்வேர்டு தெரிந்தாலும் நுழைய முடியாதபடி முதலில் ஓடிபி வைத்திருந்தாள் உமா. "டிரைவருங்க ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் என் போனு அடிக்குது, எடுத்துடும்மா" என்றார் ரத்னவேல். ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு "சரிண்ணே" என்று எடுத்தாள். அந்தச் "சரிண்ணே"வை நினைக்க நினைக்கத் தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேராகக் கல்லாவுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் ரத்னவேலின் முகம் வெளிறியது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஹேக்கரா இருக்கும்மா. பெரிய பெரிய கம்பெனிக்கே நடக்குது லா."

"ஒருத்தனும் உடைச்சுக்கிட்டு வரலண்ணே! சாவிக்குப் பொட்டு வச்சு ஊருக்கே காட்டுனது நீங்க. தாழ்ப்பாளக் கழட்டுனது நான்."

"அது சாமி போட்டோம்மா. நல்ல மனசோட போட்டது."

"அந்தப் பொண்ணோட முறிஞ்ச கைகிட்ட போய்ச் சொல்லுங்க உங்க நல்ல மனச."

அவர் குரலைத் தாழ்த்தினார். "போட்டோவ எடுத்துடறேன். பாஸ்வேர்ட மாத்திடு. கஸ்டமருக்கு ஒண்ணும் சொல்லாத. முப்பது வருஷத்துக் கடை, பேரு கெட்டுடும்."

"கெடட்டும்ணே" என்றாள் உமா. "எத்தனை பேரு யார் யாருக்குப் பயந்து இருக்காங்களோ, உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவங்க வீட்டு நம்பர்லாம் பதினொரு நாளா தெருவுல கெடந்துருக்கு!"

அங்கேயே நின்று, அவர் கண்ணெதிரே பாஸ்வேர்டை மாற்றினாள். ஓடிபியைத் திரும்ப வைத்தாள். பிறகு அறுநூறு பேருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதினாள். எங்கள் தவறால் உங்கள் முகவரி வெளியே போயிருக்கலாம், ஒரு பெண் அடிபட்டிருக்கிறார், எச்சரிக்கையாக இருங்கள், இப்படிக்கு உமாமகேஸ்வரி. ரத்னவேல் போனைப் பிடுங்க வந்தார். அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் பவித்ரா கூப்பிட்டாள். குரல் மருந்து மயக்கத்தில் இழுத்தது.

"மெசேஜ் படிச்சேங்க்கா. வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க."

"சாப்பிட்டியாம்மா? இப்ப எங்க இருக்க? நானே கொண்டாறேன். டிரைவர் வேணாம், சாஃப்ட்வேர்ல போட மாட்டேன், ஒரு துண்டுத் தாள்லகூட எழுத மாட்டேன். என்கிட்ட மட்டும் சொல்லு."

"போன தடவையும் உங்ககிட்ட மட்டுந்தாங்க்கா சொன்னேன்" என்றாள் பவித்ரா. போனை வைத்துவிட்டாள்.