பஸ்ஸில் பழக்கம்

தட்டில் பூ குறைந்துகொண்டே போனது. தில்லையம்பலம் நிமிர்ந்து பார்த்தார். வரிசை வாசலையும் தாண்டி லண்டன் நோர்பரி நடைபாதை வரை நின்றது. ஐம்பது பேர் வந்தாலே பெரிது என்று நினைத்து இந்தச் சின்ன மண்டபத்தை எடுத்திருந்தார்.

பெட்டிக்குள் அவர் மனைவி சிவகௌரி. எண்பத்து மூன்றாம் ஆண்டில் கவுன்சிலின் மனநலப் பிரிவில் சோஷல் வேர்க்கராகச் சேர்ந்தவள். ஊரைவிட்டு ஓடிவந்து தூக்கத்தைத் தொலைத்த தமிழர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்த இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு பெயரைக்கூட வீட்டில் சொன்னதில்லை. கடைத்தெருவில் தமிழ் முகம் கண்டால் நேரே பார்த்தபடி நடப்பாள். "உங்கட மனிசிக்குச் சரியான கெப்பர்" என்று அவரிடமே சொன்னார்கள். அவரும் அதைத் திமிர் என்றே நம்பி அவளோடு சண்டை பிடித்திருக்கிறார்.

இப்போது துக்கத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி குடைந்தது. இவர்களெல்லாம் யார்?

பூ எடுத்த ஒருவரிடம் கேட்டேவிட்டார். "தம்பி, கௌரியை எப்பிடிப் பழக்கம்?"

"பஸ்ஸிலை கண்டு பழக்கம், அண்ணை."

பின்னால் வந்த பச்சைக் கோட்டுப் பெண்ணும் பஸ் என்றாள். அடுத்து, சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டியிருந்த ஒரு முதியவர். "பஸ்ஸிலைதான். வேறை எங்கை?" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கௌரிக்குப் பஸ் ஏறினால் குமட்டிச் சத்தி வரும். மூலைக்கடைக்கும் கார்தான். வீடு தேடிப் போய்ப் பார்த்த இத்தனை பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தெருவில் அவள் சிரித்திருந்தால், 'இவவை உமக்கு எப்படித் தெரியும்?' என்று பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். எனக்காவது சொல்லியிருக்கலாமே என்று அவருக்கு வலித்தது. சொல்லியிருந்தால் பொழுதுபடமுன் அக்காவின் காதுக்குப் போயிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த அக்கா அருமைநாயகி இப்போது தோளோடு ஒட்டி நின்றாள்.

"தம்பி, அந்தப் பச்சைக் கோட்டுப் பிள்ளையை எல்லே பாலாம்பிகையின்ர மகனுக்குக் கலியாணம் பேசுகினம்? அவளுக்குக் கௌரியை எப்பிடித் தெரியும்?"

பெட்டிக்கு மேலே, பூவோடு நீண்ட அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது.

"பஸ்ஸிலை பழக்கம்," என்றார் அவர்.

"கௌரி எந்த நாள் பஸ்ஸிலை போனவ?"

"ஒவ்வொரு நாளும், அக்கா," என்றார் தில்லையம்பலம்.

பூ விழுந்தது. அவர் அடுத்தவரிடம் தட்டை நீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.