நாற்பத்தொரு முகம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது.

அந்தக் காலத்துக் கிளர்ச்சித் தலைவர் ஒருவரின் வாழ்க்கையைக் காமிக்ஸாக்கிக்கொண்டிருந்தோம். எழுத்து நான், படம் அக்கா. தலைவருக்கு ஓவியமோ சிலையோ கிடையாது. இருப்பதெல்லாம், அவரைத் தேடிய ராணுவம் ஊராரை விசாரித்து எழுதிவைத்த நாற்பத்தொரு வாக்குமூலங்கள். பக்கத்துக்கு ஒன்றாக அக்காவுக்கு அனுப்பினேன். சேர்த்துவைத்து ஒருதடவைகூடப் படிக்கவில்லை.

2

கூரிய கண்களோடு குதிரைமேல் அவர்...

(வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர்...

(அடச்சே.)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அச்சுக்குப் போகவேண்டிய இன்று காலை, பதிப்பாசிரியர் பக்கங்களை மேசையில் பரப்பினார். ஒன்றில் தலைவர் நெட்டை, அடுத்ததில் குட்டை. இங்கே வழுக்கை, அங்கே தோள்வரை முடி. மாலைக்குள் எல்லாம் ஒரே முகமாகாவிட்டால் புத்தகமே கிடையாது என்று சொல்லிவிட்டார். இரண்டு வருட வேலை.

அக்காவிடம் கத்தினேன். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: “நீ அனுப்புனதைத்தான்டி வரைஞ்சேன். அவரு என்ன, என் கனவுல வந்து போஸா குடுத்தாரு?”

3

அப்புறம்தான் வாக்குமூலங்களை வரிசையாகப் படித்தேன். கொல்லர் ஆறடி என்கிறார். படகுக்காரர் தன் இடுப்புயரம் என்கிறார். பெற்ற தாய், பிறவியிலேயே ஒற்றைக்கண் என்கிறாள். மனைவி, வெளிச்சத்தில் பார்த்ததே இல்லையாம்.

ஒவ்வொன்றின் அடியிலும் எத்தனை சவுக்கடி என்று பொடி எழுத்தில் குறித்திருக்கிறார்கள். ஒருவரும் சொன்னதை மாற்றவில்லை.

(இங்கே ‘மெய்சிலிர்த்தது’ என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த வார்த்தை போதவில்லை.)

நாற்பத்தொரு பேரும் அவரைத் தினம் பார்த்தவர்கள். ஆளுக்கொரு பொய்யால் அவரைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறார்கள். அவர் கடைசிவரை சிக்கவில்லை.

“அக்கா, இப்ப ஒரே முகமா வரைஞ்சா, நாமதான் அவரைக் காட்டிக் குடுத்த மாதிரி.”

அவள் அழிரப்பரைக் கீழே வைத்தாள். “சரி. அதை உள்ள போயி சொல்லப்போறது யாரு?”

4

முடிவு ஒன்று: பதிப்பாசிரியர் கண்கலங்கி...

(அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை.)

முடிவு இரண்டு: நாங்கள் பணிந்துபோய்...

(கை வரவில்லை.)

நிஜத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு, நான் கொண்டுபோய்க் கொடுத்த வாக்குமூலங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறோம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை, இதை எழுதுகிறேன். பக்கத்தில் அக்கா நாற்பத்திரண்டாவது பக்கத்தை வரைகிறாள்: மேசை, அதிகாரி, சவுக்கு, எதிரே காலி நாற்காலி.

உட்காருங்கள். அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எப்படி இருப்பார்?